அட்டியலைத் தெரியும், செய்தவளைத் தெரியாது

சமைக்கிறவருக்குச் சாப்பிட்டவர்கள் பெயர் வாங்கிக் கொடுப்பார்கள், தைக்கிறவளுக்கு உடுத்தவர்கள் வாங்கிக் கொடுப்பார்கள். கில்ற்று நகை செய்கிறவளுக்கு மட்டும், போட்டவர்கள் வாயே திறக்கமாட்டார்கள்.

நான் செய்வது கில்ற்று நகைதான். மல்வேர்னில் எங்கள் ரவுன்ஹவுஸின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்றில் இருந்துகொண்டு பித்தளைத் தகடு வெட்டி, கல் பதித்து, முத்துக் கோத்து, கடைசியில் தங்க முலாம் பூசக் கொடுத்து எடுப்பேன். அட்டியல், பதக்கம், ஜிமிக்கி, ஒட்டியாணம் எல்லாம் கைவேலை. அதற்கு முன் மார்க்கம் என்கிற பக்கத்து நகரில் ஒரு பக்டரியில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை விடுகிறேன் என்றபோது வீட்டுக்காரர் சண்டை பிடிக்கவில்லை. "பனி கொட்டுறதுக்கு முன்னம் நாலு சனமாவது உம்மட பேரைச் சொல்லித் தேடி வரவேணும். வராட்டில் திரும்பப் பெட்டி அடைக்கப் போம்" என்று மட்டும் சொன்னார். பக்டரி சுப்பவைசரும் நல்ல மனுஷி. அதுவரை இடம் வைத்திருப்பதாகச் சொன்னா.

நகை வாங்க ஆளில்லாமல் இல்லை. கோடை முழுக்க வாங்கினார்கள். பேரைச் சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை. கைவேலை செய்து, மேசை போட்டு, சனத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இந்தக் கொடுமை புதிதாக இராது. உங்களோடு சேர்ந்து நானும் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

பேர் போட்ட பை

முதன்முதல் நகை விற்க மேசை போட்டது எங்கள் பக்கத்துக் கொம்யூனிற்றி சென்ரரில். ஒரு பக்கம் மெழுகுதிரி செய்கிற வெள்ளைக்காரப் பெண், மறுபக்கம் கம்பளித் தொப்பி பின்னுகிற ஜமெய்க்கா அம்மா, நடுவில் நான். எங்கட ஆள் ஒரு அன்ரி வந்தா. சிவப்புக்கல் அட்டியலை எடுத்து உள்ளங்கையில் வைத்து மெல்ல ஏற்றி இறக்கிப் பார்த்தா. "எத்தினை பவுண், பிள்ளை?" என்றா. "பவுண் இல்லை அன்ரி, பித்தளை. நானே செய்தது" என்றேன். கை சுட்டுவிட்ட மாதிரி டக்கென்று கீழே வைத்தா. கில்ற்று தனக்கு ஒத்துவராது, கழுத்துக் கடிக்கும், டொக்டரே போடவேண்டாம் என்று சொன்னவர் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டா.

போனவ வெளியே போகவில்லை. தொப்பி மேசையில் நின்று ஒவ்வொரு தொப்பியாகப் போட்டுப் பார்த்தா. ஏன் இந்த வெயில் காலத்தில் கம்பளித் தொப்பி என்று யோசித்தேன். என் மேசையில் நின்ற இன்னொரு தமிழ்ப் பெண் நகர்ந்த பிறகுதான் காரணம் விளங்கியது. விறுவிறென்று வந்து, "உந்த அட்டியலையும் தோட்டையும் கட்டும். எனக்கில்லை, தெரிஞ்ச பிள்ளை ஒண்டுக்கு" என்றா. தெரிந்த பிள்ளையின் கழுத்து அளவு சரியா என்று தன் கழுத்தில் வைத்து, கண்ணாடியில் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தா. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் பேரும் ஃபோன் நம்பரும் அச்சடித்துப் புதிதாக எடுத்திருந்த பையில் போட்டு நீட்டினேன். அன்ரி பையை வாசித்தா. பிறகு நகையை வெளியே எடுத்துப் பையை என்னிடமே திருப்பித் தந்தா.

"பேர் போடாத பை இல்லையோ பிள்ளை? இல்லாட்டிப் பரவாயில்லை, உந்தத் தொப்பிக்காரியிட்டை ஒண்டு கேட்டு வாங்கித் தாரும்."

கட்டினவர்

எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற அப்பார்ட்மென்றில் ஒரு அக்கா இருக்கிறா. ஒருநாள் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, முதல் வேலையாக எங்கள் யன்னல் திரையை இழுத்து மூடினா. ஃபோனில் ஒரு படம் காட்டினா. தடித்த தாலிக்கொடி. பாங்க் லொக்கரில் பத்திரமாக இருக்கிறதாம். றோட்டில் சங்கிலி அறுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாள் முதல் வெளியே எடுப்பதில்லையாம். ஆனால் கலியாண வீடுகளுக்கு வெறுங்கழுத்தோடு போனால் சனம் என்ன நினைக்கும்? அச்சாக அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றா. தாலியை நான் செய்யமாட்டேன், கொடியை மட்டும் செய்து தருகிறேன், தாலியை எடுத்து இதில் கோத்துக்கொள்ளுங்கள் என்றேன். சம்மதித்தா. ஒரே நிபந்தனை, அவவின் வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது. அவர் கோயில் குளம் என்று திரிகிற மனிசன், கேட்டால் வீட்டில் பூகம்பம் வருமாம்.

முறுக்குக்கு முறுக்கு பார்த்துச் செய்துகொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நல்ல வேலை. பிறகு ஒருநாள் பஸ் ஸ்ரொப்பில் கண்டேன். கொடி கழுத்தில் மினுங்கியது. அவர் ஏதும் கண்டுபிடித்தாரா என்று மெல்லக் கேட்டேன். ஒருக்காலும் இல்லை, போன கிழமை இதைப் பாங்கில் இருந்து எடுத்து வந்தது என்று நினைத்து நல்லாக ஏசினவர், கவனம் கவனம் என்று வழி முழுக்கப் பின்னால் வந்தவர் என்றா. அப்படியென்றால் உங்கள் சிநேகிதிகள் ஒன்றிரண்டு பேருக்கு என்னைப் பற்றிச் சொல்லலாமே என்று கேட்டேன். அக்கா அக்கம்பக்கம் பார்த்தா.

"சொல்லி என்ன பிரயோசனம்? கட்டின மனிசனுக்கே வித்தியாசம் தெரியேல்லை, அவளவைக்குத் தெரியவே போகுது? நீர் பேசாமல் இரும்."

மெஷின் செலவு

எங்கட ஆக்கள்தான் இப்படி, கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்ப்போம் என்று மார்க்கத்தில் ஒரு கைவினைச் சந்தைக்குப் போனேன். தமிழ்நாட்டில் இருந்து வந்து கொம்பியூட்டர் வேலை செய்கிற ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் ஜிமிக்கியைக் காதில் வைத்துக்கொண்டு, சத்தமாக, பத்துப் பேர் கேட்க, "சூப்பரா இருக்கு, நீங்களே பண்ணீங்களா?" என்று கேட்டா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒளிக்காமல் மறைக்காமல் என்னைக் கேட்ட முதல் ஆள். தகடு வெட்டுவது, கல் இருத்துவது, முத்துக் கோப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மெஷின் ஒன்றுமே இல்லையா என்று புருஷன் கேட்டார். இல்லவே இல்லை, எல்லாம் கைதான் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் விலைத் துண்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், திரும்பவும் விலைத் துண்டைப் பார்த்தார்.

"மெஷின் வாங்குற செலவே உங்களுக்கு இல்ல. அப்புறம் ஏன் மேடம் விலை இவ்ளோ கூட வெச்சிருக்கீங்க?"

அம்மாவின் பழைய நகை

இந்தத் தொழிலில் ஒரு சட்டம் இருக்கிறது. எழுதி வைத்த சட்டம் இல்லை, பட்டுப் பழகியது. கலியாண ஹோலுக்குள் போனால் நம் கைவேலையை நாமே கண்டுகொள்ளக்கூடாது. சிரிக்கக்கூடாது, கழுத்தைப் பார்க்கக்கூடாது, "எப்படி, நல்லாய் நிக்குதோ?" என்று கேட்கவே கூடாது. இதை எனக்குப் படிப்பித்தவ சாந்தி. பக்டரிக்குப் போன காலத்தில் பஸ்ஸில் பழக்கம். என்னிடம் மயில் வைத்த அட்டியல் ஒன்று செய்வித்தவ. அந்த மயிலின் ஒரு கண்ணுக்குக் கல் சரியாக இருக்காமல் என்னைப் படாத பாடு படுத்தியது. கடைசியில் கொஞ்சம் சரிந்தபடியேதான் இருந்தது.

ஒரு பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியச் சடங்கில் சாந்தி அதைப் போட்டுக்கொண்டு நின்றா. சுற்றிவர நாலைந்து பெண்கள் நின்று வாய் பார்க்கிறார்கள். எனக்குத் தள்ளி நிற்க முடியவில்லை, நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். எங்கே செய்வித்தது என்று ஒருத்தி கேட்டா. சாந்தி என் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்காமல், "அம்மாட பழைய நகை. ஊரிலை நகை செய்யிற பத்தர் வீட்டிலையே வந்திருந்து செய்து தந்தவர்" என்றா. மயில் சரிந்த கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் முகத்தை எப்படி வைத்திருப்பது என்று தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் நீலச் சேலை கட்டின ஒருத்தி என்னை அடையாளம் கண்டு, அன்பாகத் தோளில் கை போட்டு முன்னால் இழுத்துவிட்டா.

"நீரும் ஏதோ மணி கோத்து விக்கிறீராம் எண்டு கேள்வி. கிட்ட வந்து உந்த அட்டியலை வடிவாப் பாரும். வேலை எண்டால் உதுதான்."

இரண்டு பக்கமும்

காரில் வரும்போது வீட்டுக்காரருக்கு இதைச் சொன்னேன். மனிசன் சிரித்த சிரிப்பில் 401 நெடுஞ்சாலையில் எங்கள் எக்ஸிற்றைத் தாண்டிப் போய்விட்டார். ஆனால் மரங்களில் இலை நிறம் மாறத் தொடங்கியிருந்தது. சுப்பவைசரும் ஃபோன் எடுத்து, வாறீரா இல்லையா என்று கேட்டுவிட்டா. அந்த நேரத்தில்தான் மார்க்கத்தில் இருந்து ரஞ்சி அக்கா வந்தா. மகள் அபிக்குக் கலியாணம். பிள்ளைகள் வீடு வாங்கக் கையில் இருந்ததை எல்லாம் கொடுத்தாயிற்று, பவுண் விற்கிற விலைக்கு இனி நினைத்தும் பார்க்கமுடியாது, மணப்பெண்ணுக்கு முழு செற்றும் வேண்டும் என்றா. "மாப்பிள்ளை வீட்டார் அசல் பவுண் ஆக்கள். எங்கட மானம் உம்மட கையிலை" என்று என் கையைப் பிடித்தா. அளவு பார்க்க வந்த அபி இங்கே பிறந்த பிள்ளை. அட்டியலைக் கண்டதும், "ஓ மை கோட் அன்ரி, திஸ் இஸ் ஆர்ட். நான் படம் எடுத்து உங்கட பேரோடை எல்லாருக்கும் போடப் போறன்" என்று ஃபோனைத் தூக்கினாள். ரஞ்சி அக்கா ஃபோனைப் பறித்துக் கைப்பைக்குள் போட்டா.

பத்து நாள் போகமுன்னம் அஜக்ஸில் இருந்து தேவி அன்ரி என்று ஒருவர் வந்தா. மகனுக்குக் கலியாணம், தாய்க்காரி சபையில் நிற்கிற மாதிரி ஒரு வெள்ளைக்கல் அட்டியலும் காப்பும் வேண்டும் என்றா. தேத்தண்ணி குடித்துக்கொண்டே எந்த ஹோல் என்று கேட்டேன். சொன்னா. கலியாணப் பொம்பிளைக்கு என்ன பேர் என்று கேட்டேன். அதையும் சொன்னா. எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. இல்லை என்று சொல்லலாம், ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? ரஞ்சி அக்காவைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஓம் என்று சொன்னால், இரண்டு சம்மந்திகளும் என் கை பட்டதைப் போட்டுக்கொண்டு ஒரே மேடையில் நிற்பார்கள். ஒரு பக்கம் வெளியே தெரிந்தாலும் அந்தப் பிள்ளை அபிதான் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள், கில்ற்றுப் போட்டுக்கொண்டு வந்த மருமகள் என்று. எனக்கும் அதோடு பெட்டி அடைக்கிற வேலைதான். நான் இருமி முடியும்வரை தேவி அன்ரி பொறுத்திருந்து என் கையைப் பிடித்தா.

"பொம்பிளை வீட்டார் அசல் பவுண் ஆக்கள் பிள்ளை. எங்கட மானம் உம்மட கையிலை."

கொக்கி

ஒரு வீட்டை மற்ற வீட்டுக்குக் காட்டிக்கொடுக்காமல் இரண்டு வீட்டுக்கும் செய்து கொடுத்தேன். கலியாணத்துக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. கூப்பிடாவிட்டால் நான் கோபித்துக்கொண்டு யாருக்காவது சொல்லிவிடுவேன் என்று ரஞ்சி அக்கா பயந்திருக்கவேண்டும். எங்களை ஆகப் பின்மேசையில் இருத்தி, பக்கத்தில் இருந்தவர்களுக்கு, "இவ என்னோடை இங்கிலிஷ் கிளாஸிலை படிச்சவ" என்று அறிமுகம் செய்துவிட்டுப் போனா. எப்போது நீர் இங்கிலிஷ் படித்தனீர் என்று வீட்டுக்காரர் என் காதுக்குள் கேட்டார். மேசையில் இருந்த பெண்கள் அபியின் கழுத்தில் எத்தனை பவுண் இருக்கும் என்று ஏலம் கூறத் தொடங்கினார்கள். பிறகு மாப்பிள்ளையின் தாய்க்கு எத்தனை என்று கூறினார்கள். நான் பயற்றம்பணியாரத்தை வாய் நிறையப் போட்டுக்கொண்டேன்.

அபி கூறைச்சேலை மாற்றிக்கொண்டு மணவறைக்கு வந்தாள். தாலி கட்ட ஆயத்தம். நல்ல பாரமான மாலை ஒன்றைக் கழுத்தில் போட்டார்கள். அது அட்டியலின் பின்கொக்கியில் மாட்டி, கொக்கி நெளிந்து திறந்துவிட்டது. அட்டியல் மெல்ல மெல்லக் கீழே வழுகியது. ரஞ்சி அக்கா ஓடிப்போய் ஊசி குத்திப் பார்த்தா. ஊசி வளைந்தது. அபியின் கண் ஹோல் முழுக்க என்னைத் தேடியது. ரஞ்சி அக்காவின் கண் என்னைக் கண்டுபிடித்து, அங்கேயே இரு என்று சொன்னது. நான் அரைவாசி எழும்பினேன், இருந்தேன், திரும்ப எழும்பினேன். "இரும். நீர் போனால் ரெண்டு வீட்டு மானமும் போச்சு" என்று வீட்டுக்காரர் சேலையைப் பிடித்தார்.

ஐயர் நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினார். கொஞ்சம் பொறுக்கச் சொல்ல அபி அவர் பக்கம் குனிந்தாள். ஐயரின் தோள் சால்வையில் மைக் குத்தியிருந்தது. பிள்ளை அதை யோசிக்கவில்லை. "ஐயா, வண் மினிற். இது ரியல் கோல்ட் இல்லை. செய்த சுகந்தி அன்ரி அந்தக் கடைசி ரேபிளிலை இருக்கிறா. கூப்பிடுங்கோ, அவ உடனை ஃபிக்ஸ் பண்ணித் தருவா." ஹோலின் நாலு மூலை ஸ்பீக்கரிலும் இது கேட்டது. மேளகாரர்கூடக் கையை எடுத்துவிட்டார். என் பேரை ஒருத்தராவது சொல்லவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது உண்மைதான். இவ்வளவு சத்தமாக வேண்டும் என்று கேட்கவில்லை.

எழும்பி நடந்தேன். நான் கடக்கக் கடக்க, சில மேசைகளில் சேலைத் தலைப்புகள் கழுத்துக்கு ஏறின. சாந்தி குனிந்து செருப்பைத் தேடினா. மணவறையில் ஏறி, கைப்பைக்குள் கிடந்த சின்னக் குறட்டை எடுத்து அபியின் பின்னால் நின்று கொக்கியை இறுக்கினேன். ரஞ்சி அக்கா அழவும் முடியாமல், என்னை ஏசவும் முடியாமல் நின்றா. சபை முழுக்க இப்போது தேவி அன்ரியின் கழுத்தைத்தான் பார்த்தது. அவ பேசாமல் நின்றால் போதும், இனி எந்தக் காலத்திலும் சம்மந்தி முன்னால் தலை நிமிர்ந்து நிற்கலாம். அபிக்கு அதற்குப் பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது விளங்கியிருக்கவேண்டும். முகம் வெளிறிப்போய், மாமியை நிமிர்ந்து பார்க்கப் பயந்து, கும்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பிழைப்பைப் பற்றி அந்த நேரம் நான் நினைக்கவே இல்லை. நெளியாத கொக்கி ஒன்று போட்டிருக்கக்கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தேவி அன்ரி கிட்ட வந்தா. மருமகளின் மாலையை நேராக்கிவிட்டா. நெற்றிப்பட்டத்தைச் சரி பார்த்தா. ரஞ்சி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, கொண்டையில் தொங்கின பூவை ஒரு பக்கம் ஒதுக்கினா. ஐயர் பக்கத்தில்தான் நின்றார், மைக் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. குரலை அவ குறைக்கவில்லை.

"வந்ததுதான் வந்தனீர் சுகந்தி, என்ரை கொக்கியையும் ஒருக்கா இறுக்கி விடும். ரெண்டும் உம்மட கைதானே, இதுவும் கழண்டு விழுந்து சம்மந்தி சிரிக்கப் போறா."

* * *

பனி கொட்டிவிட்டது, பெட்டி அடைக்க நான் போகவில்லை, தேடி வருகிறவர்கள் என் பேரைச் சொல்லித்தான் வருகிறார்கள், என்றாலும் ஒழுங்காக நின்ற நகை ஒன்றும் வாங்கித் தராத பேரை, நெளிந்து திறந்த ஒரு கொக்கியால் வாங்கின ஒரே நகைக்காரி நானாகத்தான் இருப்பேன்.